லைன்ல இருங்க

ஒரே ஒரு ஊரிலே ஒரே ஒரு தெரு இருந்ததாம், அந்தத் தெருவிலே ஒரே ஒரு வீட்டில் மட்டும் போன் இருந்ததாம். கேட்கிறவர்கள் ‘ம்’ கொட்டினால்தான் கதை நடக்கும், கொட்டாவிட்டால் நின்ற இடத்திலேயே நின்றுவிடும் என்று சொல்லித்தான் எங்கள் தாத்தா எந்தக் கதையையும் ஆரம்பிப்பார், அதனால் நானும் கேட்டுக்கொள்கிறேன், கொஞ்சம் ‘ம்’ கொட்டுங்கள். ஊர் கோவில்பட்டி, தெரு தீப்பெட்டி ஆபீசுக்குப் பின்னால் இருக்கிற தெரு, போன் இருந்த வீடு எங்கள் வீடு.

எங்கள் வீட்டுப் போன் என்று பேருக்குத்தான், அது தெருவுக்கே போன். வெளியூருக்குப் பிழைக்கப் போன ஆண்கள் எல்லாருடைய சட்டைப் பையிலும் எங்கள் நம்பர் இருந்தது, அதற்குப் பக்கத்தில் பி.பி. என்று போட்டிருக்கும், நம்பர் அடுத்த வீட்டுக்காரருடையது, கூப்பிட்டுக் கொடுப்பார்கள் என்று அர்த்தம். மணி அடித்ததும் எங்கள் அம்மா சண்முகக்கனி கையைத் துடைத்துக்கொண்டு ஓடி வந்து எடுப்பாள், யார், யாருக்கு என்று கேட்பாள், “லைன்ல இருங்க, கூப்பிடுதேன்” என்று ரிசீவரை, போனுக்குப் போர்த்துகிற பூத்துணி மேல் சாய்த்து வைப்பாள், வாசலுக்குப் போய் நின்று பேரைச் சொல்லிக் கூவுவாள். கூப்பிட்ட பெண் உடனே வந்துவிட மாட்டாள். மூஞ்சி கழுவி, பவுடர் போட்டு, தலையை வாரி, பூ இருந்தால் பூவும் வைத்துக்கொண்டுதான் வருவாள், போனுக்குக் கண் இருக்கிற மாதிரி. அதுவரை நாக்பூரிலும் சூரத்திலும் பம்பாயிலும் பூத்துக்குள் நிற்கிறவன் ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டு எங்கள் வீட்டுச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பான், அம்மியில் அரைக்கிறதை, தொட்டிலில் நான் அழுகிறதை, கோழி கத்துகிறதை.

பிறகு ஆளுக்கொரு செல்போன் வந்தது. எங்கள் போன் மணி அடிப்பதை மறந்தது. எடுத்தால் ஒரே இரைச்சல்; லைன்மேன்கள் வந்தார்கள், கம்பத்தில் ஏறினார்கள், இறங்கினார்கள், இரைச்சல் மட்டும் போகவில்லை. ஒருநாள் இரைச்சலுடன் சேர்த்து எல்லாமே நின்றுபோனது. அதற்கப்புறமும் அம்மா செவ்வாயும் வெள்ளியும் அதைத் துடைத்து, பூத்துணியைத் துவைத்துப் போர்த்தி, அலமாரியிலேயே வைத்திருந்தாள்.

எனக்கு வேலைக்கான இன்டர்வியூக்கள் எல்லாம் கம்ப்யூட்டரில் முகம் பார்த்து நடந்த காலம் அது. எங்கள் வீட்டுக்குள் சிக்னல் வராது, மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டி மேல் ஏறி உட்கார்ந்துதான் நான் என் தகுதிகளைச் சொல்வேன், காக்கா வந்து பக்கத்தில் உட்காரும். உள்ளூர் மில்லில் இருந்து ஓய்வு பெற்ற என் அப்பா திரவியம் அதைப் பார்த்துவிட்டு, இன்டர்நெட் லைன் இழுத்துவிடலாம், அதிலேயே போனும் பேசலாமாம் என்று முடிவு செய்தார். அம்மா மாட்டேன் என்றாள்.

“கரண்ட் போச்சுன்னா அந்தப் போன் பேசாதாமே.”

“இது கரண்ட் இருந்தாலும் பேசலையேடி.”

“பேசலைன்னா என்ன, இருந்துட்டுப் போகுது. உங்களை நான் வச்சிருக்கலையா?”

அப்பா சிரித்துவிட்டு, லைன் இழுக்கிற ரூபன் என்கிற பையனை வரச் சொன்னார். ரூபன் ஏணியைச் சுவரில் சாத்திவிட்டு உள்ளே வந்து விளக்கினான்: பழையதை அப்படியே வைத்துக்கொண்டால் அது அது பாட்டுக்கு இருக்கும், அதே நம்பர் புதிய போனுக்கு வேண்டும் என்றால் பழைய லைனை விட்டுக் கொடுக்க வேண்டும், அவன் கம்பத்தில் ஏறி ஒயரை அறுத்துவிடுவான், இரண்டில் ஒன்றுதான். அப்பா அந்த நம்பரை விடத் தயாராக இல்லை, கல்யாணப் பத்திரிகைகளில் எல்லாம் போட்ட நம்பர். “லைன் செத்துத்தான் கிடக்கான்னு ஒருக்கா பார்த்துக்கிடுதேன்” என்று ரூபன் ரிசீவரை எடுத்துக் காதில் வைத்தான்.

“சார், லைன்ல ஆள் இருக்காக.”

“செத்த லைன்ல எந்த ஆளுடா?” என்று அப்பா வாங்கிக் கேட்டார். தெளிவாக, பக்கத்து அறையில் நின்று பேசுகிற மாதிரி, ஒரு வாலிபக் குரல் கேட்டது: “அக்கா, உலகம்மா வந்துட்டாளா? எனக்குப் பின்னால ஆளுக வரிசையா நிக்காக, வையுதாக.”

அப்பா போனில் யாரிடமும் மரியாதையாகவே பேசுவார். “யாரு பேசுறது?” என்றார்.

“கொம்பையா. நாக்பூர்ல முறுக்குக் கம்பெனில இருந்து. அக்கா லைன்ல இருக்கச் சொன்னாக.”

அப்பா ரிசீவரின் வாயை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு அடுப்படியைப் பார்த்துக் கேட்டார்: “கனி, நீ யாரையும் லைன்ல இருக்கச் சொன்னியா?”

தேங்காய் துருவிக்கொண்டிருந்த அம்மாவின் கை நின்றது. “சொன்னேன்” என்றாள்.

உலகம்மா எதிர்வீடு. கல்யாணமாகி வந்த புதிதில் அவள் புருஷன் கொம்பையா முறுக்குப் பிழிகிற வேலைக்கு நாக்பூர் போனான், ஞாயிற்றுக்கிழமை தவறாமல் எங்கள் நம்பருக்குப் பேசுவான், அவளும் தவறாமல் கனகாம்பரம் வைத்துக்கொண்டு ஓடி வருவாள். ஒருநாள் குழாயடியில் எல்லாப் பெண்களும் நிற்கும்போது, “ஏட்டி, நீ பூ வச்சது நாக்பூர் வரைக்கும் மணக்குமோ?” என்று அம்மா கேட்டாள். கேலிதான். உலகம்மாவும் கேலியாகத்தான் திருப்பிச் சொன்னாள், “கனியக்காவுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்? போன் இருக்கு, போன் பண்ணத்தான் ஆள் இல்ல.” குழாயடியே குடத்தை இறக்கி வைத்துவிட்டுச் சிரித்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை மணி அடித்தபோது அம்மா எடுத்தாள், “லைன்ல இருங்க, கூப்பிடுதேன்” என்றாள், ரிசீவரைப் பூத்துணி மேல் சாய்த்து வைத்தாள், வாசலுக்குப் போகாமல் அப்படியே உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்கினாள். முறத்து அரிசி முடிந்ததும் ரிசீவரை எடுத்து அதன் இடத்தில் வைத்துவிட்டாள். அடுத்த ஞாயிறு பேசாமலா போய்விடுவான், அன்றைக்குக் கூப்பிட்டால் போயிற்று என்று நினைத்தாள். அடுத்த ஞாயிறு அவன் பேசவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் பேசவில்லை. எப்படிப் பேசுவான், அவன்தான் லைனிலேயே இருந்தானே.

தெருவுக்கு அது தெரியாது. தெரு தனக்குத் தெரிந்ததைச் சொன்னது: நாக்பூரில் வேறொருத்தியைச் சேர்த்துக்கொண்டான் என்றது, அவளுக்குப் பிள்ளை இருக்கிறது என்றது, பிள்ளைக்குப் பேர்கூடச் சொன்னது. உலகம்மா நாக்பூருக்குக் கடிதம் எழுதினாள், ஆள் விட்டுப் பார்த்தாள், கம்பெனிக்காரர்கள் அவன் போன் பேசப் போனவன் திரும்பவில்லை என்றார்கள், அதைக் கேட்டுத் தெரு இன்னும் கொஞ்சம் சிரித்தது. வளைகாப்பில் அவளை வளையல் போடக் கூப்பிடவில்லை. பெண்ணழைப்பில் அவள் எதிரே வந்தால் பெண்ணைக் கொஞ்ச நேரம் காருக்குள்ளேயே வைத்தார்கள். கழுத்தில் தாலி இருந்தது, அதை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. அம்மாவும் எல்லாரோடும் சேர்ந்து தலையாட்டியிருந்தாள். உலகம்மா தீப்பெட்டி ஆபீசில் வேலைக்குச் சேர்ந்து, காலையில் போய் இருட்டுவதற்குள் வந்து, யாருடைய வாசலையும் மிதிக்காமல், தலை நரைத்துப்போனாள்.

இவ்வளவையும் அம்மா தேங்காய்த் துருவலைப் பார்த்துக்கொண்டே சொல்லி முடித்ததும் அப்பா ரிசீவரை மெல்லப் பூத்துணி மேல் சாய்த்து வைத்தார். ரூபன் ஏணியை எடுத்துக்கொண்டு போனான். போகிற வழியில் டீக்கடையில் சொல்லிவிட்டுப் போனான்.

மறுநாள் உலகம்மா ஆபீசுக்குப் போன பிறகு தெரு எங்கள் வீட்டுக்கு வந்தது. முதலில் டீக்கடைக்காரர் சங்கிலி வந்து, கடையில் போடுகிற முறுக்கு மறுநாளே சவத்துப் போகிறதே என்ன செய்ய என்று கேட்டார், கொம்பையா நாக்பூரில் இருந்தபடியே மாவுப் பக்குவம் சொன்னான், அன்று முதல் சங்கிலி கடை முறுக்கு கடித்தால் தெருமுனைக்குக் கேட்டது. அப்புறம் நவநீதம் அத்தை வந்து தன் மருமகள் செய்கிற அநியாயங்களைச் சொன்னாள். கொம்பையா ‘ம்’ கொட்டினான். அவன் ‘ம்’ கொட்டுவதைப் போல ஒருத்தன் கொட்ட முடியாது, சொல்கிறவர்களுக்குத் தங்கள் வாழ்க்கையே ஒரு கதை என்று தோன்றிவிடும், அதனால் பெண்கள் வந்தார்கள், மாமியாருக்குத் தெரியாமல் மருமகள்களும் வந்தார்கள், ஓய்வு பெற்ற வாத்தியார் வந்து அவனுக்குப் பேப்பர் படித்துக் காட்டினார், அவன் இருந்த இடத்தில் இன்னும் அதே ஞாயிற்றுக்கிழமை, அதே வெயில், அதே வரிசை, அதனால் எல்லாச் செய்தியும் அவனுக்குப் புதியதாக இருந்தது. அப்பா ஒரு நாற்காலி போட்டார். யாரோ ஒரு மின்விசிறி கொண்டு வந்து வைத்தார்கள். வெள்ளிக்கிழமை நவநீதம் அத்தை ரிசீவருக்குச் சந்தனம் வைத்து, பொங்கல் வைத்த கிண்ணத்தை அதன் வாய்க்கு நேராகக் காட்டினாள், “நெய் வாசம் வருதுக்கா” என்று அவன் சொன்னதாக எல்லாரிடமும் சொன்னாள்.

எல்லாப் பேச்சும் முடிந்ததும் அவன் ஒன்றுதான் கேட்பான், எல்லாரிடமும் அதே தணிந்த குரலில் கேட்பான்: “உலகம்மா வந்துட்டாளா?” நாங்கள் எல்லாரும் ஒன்றுதான் சொன்னோம்: “வந்துக்கிட்டிருக்கா, லைன்ல இரு.” சொல்லிவிட்டு ரிசீவரைச் சாய்த்து வைத்துவிட்டு எழுந்து போனோம். சாயங்காலம் தீப்பெட்டி ஆபீஸ் சங்கு ஊதியதும் தெரு வெறிச்சென்று ஆகிவிடும். உலகம்மா தீக்குச்சி மருந்து வாசத்தோடு நடந்து வருவாள், பேசிக்கொண்டிருந்தவர்கள் பேச்சை நிறுத்திவிட்டு வானத்தைப் பார்ப்பார்கள், மழை வருமோ என்பார்கள். அவள் எல்லாரையும் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கதவைத் திறந்து உள்ளே போவாள். சவக்களை பிடித்த எங்கள் வாழ்வில் கொம்பையா வந்த பிறகு தெருவுக்கே ஒரு தெளிச்சி வந்திருந்தது, ஆனாலும் அந்தச் சங்குச் சத்தம் கேட்கும்போதெல்லாம் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்க முடியவில்லை.

ரூபன் மறுபடி வந்தான். இந்த ஞாயிற்றுக்கிழமைக்குள் முடிவு சொல்லாவிட்டால் எங்களுக்கு ஒதுக்கிய இன்டர்நெட் பெட்டி வேறு தெருவுக்குப் போய்விடும் என்றான். அப்பா தெருவைக் கூட்டினார்.

“ஒயரை அறுத்துருவோம்” என்றார் அப்பா. “பையன் எத்தனை நாள் தொட்டி மேல உக்காருவான்? அறுத்தா எல்லாம் முடிஞ்சிரும்.”

“அந்த ஆளு என்ன ஆவான்?” என்றார் சங்கிலி. “தீபாவளி வருது அண்ணாச்சி. அதிரசப் பக்குவம் கேக்கணும்.”

“அறுக்கவும் வேண்டாம், அவகிட்டச் சொல்லவும் வேண்டாம்” என்றாள் நவநீதம் அத்தை. “பாவம், அவளே எல்லாத்தையும் மறந்து ஒருமாதிரி இருக்கா. இப்பப் போயிச் சொன்னா மனசு தாங்குவாளா?” எல்லாரும் ஆமாம் ஆமாம் என்றார்கள், அவள் மனசைப் பற்றி அந்தத் தெரு அதற்கு முன் அவ்வளவு கவலைப்பட்டதே இல்லை. நவநீதம் அத்தை மகளின் வளைகாப்பில்தான் உலகம்மா நீட்டிய கையை யாரோ தட்டிவிட்டார்கள், யார் என்று அத்தைக்குத் தெரியும். வாத்தியார் சொன்னார், “சொன்னா, கூப்பிடாதது யாருன்னு கேப்பா. அப்புறம், அவன் ஓடிப்போயிட்டான்னு சொன்னது யாருன்னு கேப்பா.”  அம்மா அடுப்படி நிலையில் சாய்ந்து நின்றுகொண்டு, அலமாரியில் சாய்ந்து கிடந்த ரிசீவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதிலிருந்து, இவ்வளவையும் கேட்டுக்கொண்டிருந்த ஒருத்தன் சின்னதாக ‘ம்’ என்றான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ரூபன் ஏணியோடு வந்தான். முடிவு தெரியாததால் தெரு முழுவதும் எங்கள் வாசலில் நின்றது. உலகம்மாவுக்கு அன்று லீவு. எதிர்வீட்டு வாசலில் சாக்கு விரித்து மிளகாய் வத்தல் காயப்போட்டுக்கொண்டிருந்தாள், இவ்வளவு கூட்டத்தையும் பார்த்துவிட்டு, தனக்கு எதிலும் சேர்மானம் இல்லை என்கிற பழக்கத்தில் முதுகைத் திருப்பி உட்கார்ந்துகொண்டாள். ரூபன் கம்பத்தில் ஏணியைச் சாத்தி, “சார், அறுக்கவா, விடவா?” என்று கேட்டான். அப்பா அம்மாவைப் பார்த்தார்.

அம்மா வாசலுக்கு வந்தாள். அந்தக் காலத்தில் நின்ற அதே இடத்தில் நின்று வாயைத் திறந்தாள், கூவ வரவில்லை. படி இறங்கினாள். தெருவைக் கடந்தாள். கூட்டம் விலகியது. வத்தல் சாக்குக்குப் பக்கத்தில் போய் நின்று, புடவைத் தலைப்பைக் கையில் சுற்றிக்கொண்டு சொன்னாள்:

“உலகம்மா, உனக்குப் போன் வந்திருக்கு.”

உலகம்மா திரும்பவில்லை. கையில் இருந்த வத்தலைக் காம்பு கிள்ளிப் போட்டாள். “எப்ப வந்துச்சு?” என்று கேட்டாள்.

அம்மா புடவைத் தலைப்பை இன்னும் ஒரு சுற்றுச் சுற்றினாள். தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். உலகம்மா அவளை ஏறிட்டுப் பார்த்தாள், பிறகு அம்மாவின் தோளுக்குப் பின்னால் நின்ற தெருவைப் பார்த்தாள், ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள், பார்த்த முகமெல்லாம் கீழே போனது. அப்போது அவளுக்குப் போனில் யார் என்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

“இருங்க, மூஞ்சி கழுவிட்டு வாரேன்” என்றாள்.

உள்ளே போனாள். செம்பில் தண்ணீர் மொள்ளுகிற சத்தம் கேட்டது. வெளியே வந்தபோது தலையை வாரி முடிந்திருந்தாள், மிளகாய்க் காரம் போகாத கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே தெருவைக் கடந்தாள், எங்கள் வாசலில் பூத்திருந்த கனகாம்பரச் செடிக்குப் பக்கத்தில் ஒரு கணம் நின்றாள், பூவைத் தொட்டாள், பறிக்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து ரிசீவரை எடுத்தாள். ரிசீவரில் இருந்த சந்தனத்தைப் பார்த்துவிட்டு, அதையும் முந்தானையால் துடைத்தாள்.

“அக்கா?” என்றது அந்த வாலிபக் குரல். “உலகம்மா வந்துட்டாளா?”

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டாள். ஜன்னலில், வாசலில், கம்பத்தடியில் தெரு மூச்சை அடக்கி நின்றது.

“என்னக்கா, பேச்சே இல்ல? இங்க வையுதாக. அவ வர லேட்டாகும்னா நீங்களே கேட்டுச் சொல்லுங்க. இங்க ஒரு ரூம் பாத்துருக்கேன். முதலாளி சரின்னுட்டாரு. சின்ன ரூம்தான். ஜன்னல் இருக்கு. அவ இங்க வாராளா, இல்ல நான் அங்க வந்துரவா? அது ஒண்ணுதான் கேக்கணும்.”

“ஜன்னல் எந்தப் பக்கம்?” என்று கேட்டாள் உலகம்மா.

“கிழக்கக்கா. வெளிய ஒரு வேப்பமரம். அவளுக்குப் பிடிக்கும்.”

“ம்.”

“என்னக்கா, குரல் கம்மியிருக்கு? சளியா?”

“ஆமா, கொஞ்சம்.” அவள் கண்ணைத் திறந்து, நிலையைப் பிடித்துக்கொண்டு நின்ற என் அம்மாவைப் பார்த்தாள்.  பார்த்துக்கொண்டே ரிசீவருக்குள் சொன்னாள்: “அவகிட்டச் சொல்லிட்டேன் தம்பி. குழாயடியில நிக்கா. வாரேன்னு சொன்னா. சிரிச்சுக்கிட்டே சொன்னா.”

அந்தப் பக்கம் அவன் சிரித்தான். புருஷன்கள் யாரும் போனில் அப்படிச் சிரித்து எங்கள் தெரு கேட்டதில்லை. “நல்லா இருங்கக்கா. உங்களுக்குத்தான் எவ்வளவு சிரமம். கனியக்காதான பேசுறது?”

“ஆமா தம்பி” என்றாள் உலகம்மா. “கனியக்காதான். போனை வச்சிருங்க, பின்னால நிக்கவுக பேசட்டும்.”

‘டக்’ என்று ஒரு சத்தம். அதற்கப்புறம் அந்த லைனில் இரைச்சல்கூட இல்லை. அம்மா நிலையோடு சரிந்து தரையில் உட்கார்ந்துவிட்டாள், முகத்தை முழங்காலில் புதைத்துக்கொண்டாள்.

முதலில் வாத்தியார் போனார், செருப்பை மாட்டாமல் கையில் எடுத்துக்கொண்டு போனார். சங்கிலி அடுப்பில் பால் வைத்துவிட்டு வந்ததாகச் சொல்லிக்கொண்டே போனார், கேட்டவர்கள் யாரும் இல்லை. நவநீதம் அத்தை ஏதோ சொல்ல வந்து, உலகம்மாவின் கையைத் தொடப்போய், தன் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, அப்படியே எழுந்து போனாள். ரூபன் ஏணியை மடக்கினான், அறுக்கவா என்று அவன் கேட்கவில்லை. அப்பா துண்டை எடுத்து முகத்தில் போட்டுக்கொண்டு பின்கட்டுக்குப் போனார். நான் தொட்டிக்குப் போக மாடிப்படியில் ஏறி, பாதியில் நின்றேன், அங்கிருந்தும் அவர்கள் இரண்டு பேரும் தெரிந்தார்கள்.

உலகம்மா ரிசீவரை அதன் இடத்தில் வைத்தாள். பூத்துணியை உதறி, மடிப்பு நீக்கி, அதன் மேல் போர்த்தினாள்.

“இனி உங்களுக்குத் தோதான போனை வச்சுக்கிடுங்க” என்றாள். “அதுல யாரும் இல்ல.”

அம்மா தலையைத் தூக்கி, “உலகம்மா” என்று கூப்பிட்டாள். அந்தக் காலத்தில் வாசலில் நின்று கூவ வேண்டிய அதே கூப்பிடு, இப்போது வீட்டுக்குள்ளேயே கேட்டும் கேட்காத அளவுக்கு வந்தது. உலகம்மா படி இறங்கி, கனகாம்பரச் செடியைத் தாண்டி, ஒருவரும் இல்லாத தெருவைக் கடந்து, காய்கிற வத்தலைக் காலில் படாமல் சுற்றிக்கொண்டு நடந்து போனாள்.